ஆறு நிமிட வளர்ச்சி

"ஒண்ணுமே மாத்தல மேடம்" என்று ஒரு சிஸ்டம் ஆள் சொன்னால், எதையோ மாற்றித் தொலைத்திருக்கிறான் என்று அர்த்தம். இத்தனை வருஷ வேலையில் இதற்கு ஒரு விதிவிலக்கைக்கூட நான் பார்த்ததில்லை. உத்தமன் பிரஸ்ஸிங்ஸுக்குப் போன அன்றும் இதே வசனத்தைத்தான் கேட்கப் போகிறேன் என்று தெரிந்தேதான் பஸ் ஏறினேன்.

என்னை அனுப்பியது அருள்தாஸ் அண்ணன். ஐயப்பன்தாங்கல் டெப்போ பக்கத்தில் ஒரு பேக்கரி மாடியில் கம்ப்யூட்டர் சப்போர்ட் கம்பெனி நடத்துகிறார். போர்டில் 'குளோபல்' என்று போட்டிருக்கும். ஆட்கள் மூன்று பேர், ஏசி ஒன்று, அதுவும் அவர் அறையில். "பெரிய கஸ்டமர் ஹில்டா. வருஷ கான்ட்ராக்ட் வர வேண்டியிருக்கு. வாயக் கொஞ்சம் அடக்கிக்கிட்டு வேலைய முடிச்சிட்டு வாம்மா" என்றார். என் வாய்மேல் அவருக்கு இருக்கிற கவலையில் பாதி அந்த ஏசி மேல் இருந்திருந்தால் நாங்களும் கொஞ்சம் குளிர்ந்திருப்போம்.

உத்தமன் பிரஸ்ஸிங்ஸ் மண்ணூர்பேட்டையில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. வண்டிக் கதவுகளுக்குக் கீல் அடிக்கும் கம்பெனி. ரிசப்ஷன் மேஜையில் ஆள் இல்லை. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"யார பாக்கணும்?" என்று அவளே கேட்டாள்.

"சிஸ்டம் ரூம். நீங்க இங்கதான் வேலை செய்யறீங்களா?"

"அஞ்சு மணி வரிக்கும்" என்றாள்.

பெயர் கார்த்திகா. ஆவடியை அடுத்த வெள்ளானூரிலிருந்து ட்ரெயினில் வருகிறாள். கீல்களை ஒவ்வொன்றாக அளவு பார்க்கும் கேஜில் வைத்துப் பார்த்து, இம்மி பிசகினாலும் தூக்கி ஓரமாகப் போடுகிற வேலை. சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இந்த மாதக் கடைசியில் அவளை நிரந்தரம் செய்து ஆர்டர் தர வேண்டும். அதற்குப் பதிலாக, காலையிலேயே வருகை பதியும் பஞ்சிங் மெஷினிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு, ஐந்து மணிக்கு முதலாளி கூப்பிடுவார், அதுவரை உட்கார் என்று சொல்லியிருக்கிறார்கள். கூப்பிடுவது எதற்கு என்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னா தப்பு பண்ணேன்னு கேளுங்க மேடம். லேட்டாம். ரெண்டு வாரமா தெனிக்கும் லேட்டாம். ஒரு நாளு ஒரு நிமிசம், ஒரு நாளு ரெண்டு நிமிசம். அதே ட்ரெயினு தான், அதே பட்டரவாக்கம் ஸ்டேசன் தான். முன்னல்லாம் நடந்தே வந்துடுவேன். இப்ப ஓடியாந்துகினு கீறேன், அப்பவும் லேட்டுன்றாங்க."

"உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"

"நானும் அப்டி தான் நெனச்சேன். காலு சோர்ந்து பூட்ச்சி போலன்னு டானிக்கு வாங்கி குட்ச்சிகினு கீறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஊட்ல சம்பாரிக்கறது நான் ஒருத்தி தான் மேடம். இந்த வேல பூட்ச்சின்னா அவ்ளோதான்."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நான் வந்தது கால் வலிக்கு மருந்து சொல்ல இல்லையே. "எல்லாம் சரியாயிடும்மா" என்று, எதற்கும் உதவாத ஒரு வாக்கியத்தை அவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

சிஸ்டம் ரூம் வாசலிலேயே விக்ரம் நின்றான். கம்பெனியின் ஐ.டி. மேனேஜர். அவனுக்குக் கீழே யாரும் கிடையாது, மேலே முதலாளி உத்தமன் மட்டும். உத்தமன் போனுக்கு ரீசார்ஜ் செய்வதும் ஐ.டி. இலாகாவில்தான் வருகிறது.

"ஒண்ணுமே மாத்தல மேடம்" என்றான். நான் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

கழற்றத்தான் வேண்டியிருந்தது. அந்த அறை முன்பு பூஜை அறையாக இருந்ததாம். சாமிகள் மேலே ஏறிக்கொண்டு கீழ்த்தட்டைச் சர்வருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். சர்வரின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காற்று உள்ளே போகிற துவாரங்களில் பாதியைச் சந்தனம் அடைத்திருந்தது. மேலே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம். இவ்வளவு பாதுகாப்பு போட்டவர்கள் ஒரு பேக்கப் எடுத்து வைத்திருப்பார்கள் என்று பார்த்தேன். இல்லை.

விஷயம் இதுதான். எந்த லாரியில் எத்தனை கீல் வருகிறது என்று வண்டி செய்கிற பெரிய கம்பெனிக்குத் தகவல் சொல்லும் மென்பொருள் அந்தச் சர்வரின் மேல்தான் ஓடுகிறது. அதை எழுப்ப, நிறுத்த, நலம் விசாரிக்க, கலர் பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். அந்தக் கட்டளைக் கருவி முதலில் பெரிய கம்பெனியின் வாசலுக்குப் போய் நான் இன்னார் என்று அடையாளம் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு வந்துதான் மென்பொருளை எழுப்பும். இரண்டு வாரமாக எழுப்பவில்லை. போனிலும் மெயிலிலும் கெஞ்சி லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் தகவல் சிஸ்டத்தில் வராவிட்டால் இனி லாரியை உள்ளே விட மாட்டோம் என்று பெரிய கம்பெனி கடைசியாகச் சொல்லிவிட்டது.

"என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?" என்றேன்.

விக்ரம் மூச்சு விடாமல் ஒப்பித்தான். கருவியை அழித்துவிட்டு மறுபடி போட்டானாம். திரும்ப அழித்து, திரும்பப் போட்டானாம். ஜாவா வெர்ஷனைப் புதுசாக மாற்றி, சரிவராமல் பழசுக்கே போனானாம். பாதுகாப்பு எல்லாவற்றையும் கழற்றி, ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று திறந்து விட்டானாம். இந்தியில் ஒரு வீடியோ பார்த்து, புரியாவிட்டாலும் அவர் தட்டியதையெல்லாம் அப்படியே தட்டினானாம். கேபிளை மாற்றினானாம். கடைசியில் எலுமிச்சம்பழத்தையும் மாற்றினானாம்.

"என்ன எர்ரர் வருதுன்னு படிச்சீங்களா?"

பேந்தப் பேந்த விழித்தான். "நெறைய வருது மேடம். மேல ஃபெயில்டுன்னு செவப்பா வரும். அதுக்குக் கீழ என்னென்னமோ ஓடும்."

இதைத்தான் என்னால் தாங்கவே முடியாது. இந்தக் கருவிகள் பொய் சொல்லாது. கொஞ்சம் புலம்பும், அவ்வளவுதான். நாற்பது வரி புலம்பிவிட்டு, என்ன வலி என்பதைக் கடைசி வரியில் சொல்லும். நம் ஆட்கள் முதல் வரியில் சிவப்பைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்துவிடுவார்கள். நான் கட்டளையைத் தட்டினேன். புலம்பி முடிக்கும் வரை காத்திருந்து கடைசி வரியைப் படித்தேன். இந்தக் கோரிக்கை எதிர்காலத்திலிருந்து வருகிறது, ஏற்க முடியாது என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். சர்வரின் கடிகாரம் என் போனைவிட ஆறு நிமிஷம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"விக்ரம், இது எப்ப இருந்து ஸ்டார்ட் ஆகல?"

"ஆயுத பூஜைல இருந்து மேடம். அன்னிக்கு எல்லா மெஷினுக்கும் ரெஸ்ட். பிரஸ்ஸு, லேத்து, சர்வரு, எல்லாத்தையும் நிறுத்திப் பொட்டு வைப்போம். விஜயதசமிக்கு நல்ல நேரம் பாத்து ஸ்டார்ட் பண்ணோம். மத்ததெல்லாம் ஓடுச்சு, இது மட்டும் ஓடல."

"அன்னிக்கு வேற என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தல மேடம்." பிறகு மேலே சாமிகளைப் பார்த்தான். "வழக்கம் போல டைம் மட்டும்."

"என்ன வழக்கம்?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சர்வரு, செவுத்துக் கடிகாரம் எல்லாத்தையும் ரெண்டு நிமிஷம் முன்னால வைப்போம். சார் சென்டிமென்ட்டு. கம்பெனி வருஷத்துக்கு வருஷம் முன்னால போய்க்கிட்டே இருக்கணும்னு. இது மூணாவது வருஷம்."

"டைம் தானா சரியாயிக்கற செட்டிங் ஒண்ணு இருக்குமே?"

"அத நான் அப்பவே நிறுத்திட்டேன் மேடம். நாம முன்னால வைக்க வைக்க அது பின்னால இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினேன். மேலே சாமிகள் இருந்ததால் இறக்கிவிட்டேன்.

கடிகாரத்தை முன்னால் வைப்பது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. நான் வளர்ந்தது ஆவடியில், அப்பா வேலை பார்த்த ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். எங்கள் ஹால் கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் முன்னால்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் பதினைந்து. யாரும் ஏமாந்ததில்லை, ஒருத்தரும் சீக்கிரம் கிளம்பியதும் இல்லை. கடிகாரம் பொய் சொல்கிறது என்று வீட்டில் பிள்ளை குட்டிக்கெல்லாம் தெரியும். அதைப் பார்த்ததும் மனசு தானாகக் கழித்துக்கொள்ளும். இன்றைக்கும் என் வீட்டில் அப்படித்தான். ஆனால் கழித்துக்கொள்ள வேண்டும் என்று சர்வருக்கு யார் சொல்வது? அது தன் கடிகாரத்தைச் சத்தியமாக நம்பிக்கொண்டு போய்ப் பெரிய கம்பெனி வாசலில் நிற்கிறது. அங்கே ஐந்து நிமிஷம் வரை பிசகினால் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். முதல் வருஷம் இரண்டு, விட்டார்கள். போன வருஷம் நான்கு, விட்டார்கள். இந்த வருஷம் ஆறு. வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள்.

கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் மிதப்புதான். அந்த மிதப்பிலேயே அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"பஞ்சிங் மெஷின் எங்க இருந்து டைம் எடுக்குது?"

"இதுல இருந்துதான்" என்று விக்ரம் சர்வரைக் காட்டினான்.

"சாயங்காலம் விடறது?"

"அது பெல்லு மேடம். சார் அவரு போன்ல டைம் பாத்துச் சொல்வாரு. வாட்ச்மேன் இஸ்மாயில் பாய் அடிப்பாரு."

போன் சரியான நேரத்தைக் காட்டும். ஆக, உள்ளே வர ஒரு நேரம், வெளியே போக ஒரு நேரம். கம்பெனி காலையில் மட்டும் முன்னேறியிருக்கிறது, சாயங்காலம் பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் டானிக் குடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

"விக்ரம், இது ஒனக்குத் தெரியாதா?"

அவன் சர்வரில் வழிந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.

உத்தமன் அப்போதுதான் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி முழுக்க விபூதி, கையில் இரண்டு போன். "என்ன மேடம், வைரஸா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எதிர்காலத்துல இருந்து வருதுன்னா சொல்லுது? பாத்தியா விக்ரம், கம்ப்யூட்டரே ஒத்துக்கிச்சு."

"ஆமாம் சார்" என்றான் விக்ரம்.

"ஒத்துக்கல சார், தொரத்தி விட்டுருச்சு. டைமை ஆறு நிமிஷம் பின்னால கொண்டு வந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "பின்னாலயா? ஆயுத பூஜைல வச்சத பின்னால இழுக்கறதா? என்ன மேடம் பேசறீங்க? டைம்ல கை வைக்காதீங்க, டூலை மட்டும் சரி பண்ணுங்க."

"டூல் நல்லாத்தான் இருக்கு சார். உங்க டைம் வேணும்னா, அந்தப் பெரிய கம்பெனியும் அவங்க கடிகாரத்தை முன்னால வைக்கணும்."

"பேசிப் பாக்கலாமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் முடியாது என்றதும் என்னை விட்டுவிட்டு அருள்தாஸ் அண்ணனுக்குப் போன் போட்டு, ஆளை மாற்றச் சொன்னார். அண்ணன் உடனே என்னைப் போனில் கூப்பிட்டார். "கஸ்டமர் கேக்கற மாதிரி பண்ணிக் குடுத்துட்டு வாயேன் ஹில்டா, உனக்கு ஏன் வம்பு" என்றார். "உலகத்து டைமையே மாத்தணும்ண்ணே, கொட்டேஷன் போடட்டுமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். கடிகாரத்தைப் பின்னால் இழுக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் மெதுவாக ஓட விட்டால் போதும், உண்மையான நேரம் பின்னாலிருந்து வந்து பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது ஏமாற்று வேலை இல்லை, சர்வர்களுக்கு முறையாகச் செய்வதுதான். உத்தமன் கண்ணை மூடி யோசித்தார். "அதாவது நாம பின்னால போகல. மத்தவங்க வர்றதுக்காக நாம வெயிட் பண்றோம்."

"அப்படியே வச்சுக்கங்க" என்றேன்.

"பெருந்தன்மை" என்றார் அவர்.

"ஆமாம் சார்" என்றான் விக்ரம்.

சுவர்க் கடிகாரங்களுக்கும் அவரே ஒரு வழி வைத்திருந்தார். முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது, முன்னாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றிக் கொண்டுவந்து சரியான நேரத்தில் நிறுத்தவேண்டும். எஞ்சினியரிங் முடித்த விக்ரம் நாற்காலி மேல் ஏறி நின்று, ஹாலில் இருந்த கடிகாரத்தின் முள்ளைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஆறு நிமிஷம் குறைய முன்னால் சுற்றிக் கொண்டுவந்தான். பிரஸ் ஷாப்காரர்கள் மெஷினை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

சர்வர் மெதுவாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் ரிசப்ஷனுக்குப் போனேன். கார்த்திகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வதா வேண்டாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. ஆத்திரம் யோசிக்க விடவில்லை.

அவள் கொஞ்ச நேரம் தன் கால்களையே பார்த்தாள். "அப்ப என் காலு நல்லா தான் கீதா?"

"நல்லாத்தான் இருக்கு. நீ ஒரு நாள்கூட லேட்டா வரல."

"கடியாரம் ஃபாஸ்ட்டுன்னு எல்லாருக்கும் தெரியும் மேடம். எங்கூட்லயும் ஃபாஸ்ட்டு தான். அதுக்குன்னு கெளம்பற நேரத்த நான் சரியா வச்சிகினு இருந்தேன். திருப்பியும் தள்ளி வச்சான்னு யாரும் சொல்லலியே." மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டாள். "ட்ராக் தாண்டி ஓடியாந்தேன் மேடம். ஒரு நாளு ட்ரெயினு கிட்டக்க வந்துட்ச்சி."

அந்த இரண்டு நிமிஷத்தை உத்தமன் சாமிக்கு வைத்தாரோ, நிரந்தரம் ஆகப் போகிறவளுக்கு வைத்தாரோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஐந்து மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அதிலிருந்தே சர்வரில் கட்டளை தட்டலாம். உத்தமனின் அறை ஜன்னலுக்கு வெளியே லாரி ஏற்றிக்கொண்டு தயாராக நின்றது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"ஆச்சா மேடம்?" என்றார் உத்தமன்.

"டைம் சரியாயிடுச்சு. ஸ்டார்ட் கட்டளையை அடிச்சு வச்சிருக்கேன். எண்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி." லேப்டாப்பை மேஜையில் வைத்தேன். "அதுக்கு முன்னால இந்தப் பொண்ணு விஷயம். இவ லேட்டுன்னு சொல்றது அந்த ஆறு நிமிஷத்துலதான் சார்."

"எல்லாருக்கும் அதே கடிகாரந்தானே? மத்தவங்க வரலையா?"

"மத்தவங்க இங்கயே எஸ்டேட் பக்கத்துல இருக்காங்க. இவ ட்ரெயின்ல வர்றா. ட்ரெயினு உங்க ஆயுத பூஜைக்குக் கட்டுப்படாது."

வெளியே மூன்றாவது ஹாரன். உத்தமன் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெரிய மனசு பண்ணினார். அதைச் செய்யும்போது அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வார் போலிருக்கிறது. "சரி, போனாப் போகுது. மன்னிச்சிடறேன். லேட்டா வந்ததுக்கு வருந்தறேன், இனிமே வர மாட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. கன்பர்ம் பண்ணிடறேன்." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

கார்த்திகா பேனாவை எடுத்தாள். உண்மையைச் சொல்கிறேன், எழுதித் தொலையடி, வேலை முக்கியம் என்றுதான் நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவள் பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தாள். பிறகு மூடியைப் போட்டு, தாளோடு சேர்த்து அவர் பக்கமே நகர்த்தினாள்.

"நான் லேட்டா வரல சார். வராத லேட்டுக்கு மன்னிப்பு எழுத மாட்டேன்."

"அப்ப கெளம்பு" என்றார் உத்தமன்.

"அப்ப நானும் கெளம்பறேன் சார்" என்று லேப்டாப்பை மூடப் போனேன். "ரெண்டு வாரம் ஏன் நின்னுச்சுன்னு அந்தப் பெரிய கம்பெனி கேப்பாங்க. பதில் எழுத வேண்டியது நான்தான். ஆயுத பூஜை, ரெண்டு நிமிஷம், பஞ்சிங் மெஷின், எல்லாத்தையும் உள்ளபடி எழுதிடறேன். லாரி டிரைவருக்கு டீ வாங்கிக் குடுங்க, பாவம்."

அருள்தாஸ் அண்ணனின் வருஷ கான்ட்ராக்ட் அந்த நொடியில் செத்துப்போனது எனக்குத் தெரியும். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

உத்தமன் திரும்பி விக்ரமைப் பார்த்தார். இந்த முறை ஆமாம் சார் என்று சொல்ல அவனுக்கு எதுவும் இல்லை. நான்காவது ஹாரன் வந்தது. உத்தமன் டிராயரை இழுத்து, கம்பெனிப் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, விக்ரமிடம் நிரந்தர ஆர்டரை அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினார். தேதியைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தேன். போட்டிருந்தார்.

எண்டரைத் தட்டினேன். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. கருவி பெரிய கம்பெனி வாசலுக்குப் போனது, அடையாளம் சொன்னது, அனுமதி வாங்கியது, மென்பொருளை எழுப்பியது. கடைசி வரியில் ஸ்டார்டட் என்று வந்தது. கீழே லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. உத்தமன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "பாத்தீங்களா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார், அவரே முடித்து வைத்தது போல.

கார்த்திகா ஆர்டரை எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள். மடித்தாள். ஆனால் போகவில்லை.

"சார், கண்ணம்மா அக்கா" என்றாள்.

"எந்தக் கண்ணம்மா?"

"எனக்கு முன்னாடி அந்த கேஜு டேபிள்ல இருந்தாங்களே சார். போன வருசம் இதே மாசம், கன்பர்ம் ஆவற டைம்ல, லேட்டுன்னு அனுப்ச்சிட்டீங்க. அவங்களும் ஆவடி ட்ரெயினு தான். இப்ப நாலு ஊட்ல பாத்திரம் தேய்ச்சிகினு கீறாங்க. அவங்களுக்கும் ஒரு ஆர்டர் போடுங்க சார்."

உத்தமன் சிரித்தார். அன்றைக்கு அவர் நிம்மதியாகச் சிரித்தது அப்போதுதான். "அது முடிஞ்சு போன விஷயம்மா. போன வருஷம் சிஸ்டம்ல ஒரு ப்ராப்ளமும் இல்லையே. மேடத்தையே கேளு."

கேட்டால் நான் என்ன சொல்வது? உண்மைதான். போன வருஷம் நான்கு நிமிஷம். ஐந்து வரைக்கும் கருவி பொறுத்துக்கொள்ளும், அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. கண்ணம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று இந்தக் கம்பெனியில் எதுவும் நின்றுபோகவில்லை. அதனால் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கார்த்திகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். எண்டரைத் தட்டி முடித்திருந்தேன்.